கூனன் பாறையும் மாதா கோயில் கோபுரமும்

துணியில் அச்சடித்த ஆராய்ச்சிப் போஸ்டர் பலகையில் ஒழுங்காக நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. இந்தப் பக்கம் ஊசி குத்தினால் அந்தப் பக்கம் தொங்கியது. செஃபா நாற்காலி மேல் ஏறி, குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு மூலையை இழுத்துப் பிடித்தாள்.

"கீழ இறங்குடி. மாநாட்டுல விழுந்து மண்டை உடைஞ்சா அதுக்கெல்லாம் உதவித்தொகை கெடையாது," என்றாள் லிவாய்.

லிவாய் பிலிப்பைன்ஸ்காரி. நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். இந்தோனேசியாவின் மக்காசார் நகரில், கடலாராய்ச்சி மாநாடு நடக்கும் இந்தக் கடற்கரை ஓட்டலில் செஃபாவோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறாள். இருவர் கழுத்திலும் தொங்கும் அட்டையில் நீலப் பட்டை. பயண உதவித்தொகையில் வந்தவர்களுக்கு மட்டும் அந்த நிறம். நீலப் பட்டை என்றால் அறையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கேள்வி நேரத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நன்கொடை கொடுத்தவர்களோடு நின்று சிரித்தபடி படம் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவர்கள் வரும்போது போஸ்டர் முன்னால் நின்றே ஆக வேண்டும். இல்லையென்றால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள்.

இன்றைக்கு மதியம் நடுவர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியப் பேராசிரியை. நீலப் பட்டைக்காரர்களில் ஒருவரை மட்டும் முனைவர் படிப்புக்குத் தன்னோடு அழைத்துப் போகப் போகிறார். அது செஃபாவாக இருக்கலாம் என்று போன வாரம்தான் ஒரு பேச்சு காதில் விழுந்தது.

அந்தப் போஸ்டரில் என்ன இருக்கிறது என்பதை இங்கே ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்.

கிழக்கே கெய் தீவுகளில், செஃபா பிறந்த ரென்வாரின் குடும்பத்துக்கு நிலபுலன் எதுவும் இல்லை. கடலுக்குள் ஓர் இடம் இருக்கிறது. அமாவாசையை ஒட்டி, சுற்றுவட்டாரப் பாறைகளில் தனித்தனியாகத் திரியும் களவா மீன்களெல்லாம் முட்டையிட அங்கே வந்து கூடும். அந்த இடத்தை 'வீடு' என்பார்கள். அப்பா திமோத்தியுஸுக்கு அவருடைய அப்பா காட்டிக் கொடுத்தது. மீன் கூடும் நாளில் அங்கே தூண்டில் போடக் கூடாது, வெளியாள் காதில் போடக் கூடாது. சித்தப்பா ஒருவர் கள்ளுக் குடித்த வாயால் பாதி உளறிவிட்டார். அவருடைய தாயின் அடக்கத்துக்குக்கூட அவரை வாசல் ஏற்றவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்றால், பக்கத்துத் தீவுக்கும் இப்படி ஒரு இடம் இருந்தது. மீனை உயிரோடு பிடித்து ஹாங்காங் உணவு விடுதிகளுக்கு அனுப்பும் படகுகள் அதைக் கண்டுபிடித்தன. இரண்டே அமாவாசைதான். பிறகு அங்கே வெறும் பாறை மிஞ்சியது. பையன்கள் படகை விற்றுவிட்டு ஆம்போன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார்கள்.

செஃபா ஆராய்ச்சிக்குக் கேட்டபோது அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றார். அண்ணன் கொஸ்மாஸ்தான், கடற்புல் எண்ணப் போகிறோம் என்று பொய் சொல்லி, ஒவ்வொரு அமாவாசைக்கும் விடியலில் தங்கையை அங்கே கூட்டிப்போனான். அந்தப் பொய் இந்த நிமிஷம்வரை அப்பாவுக்குத் தெரியாது.

செஃபாவும் நன்றிகெட்டவள் இல்லை. போஸ்டரில் வரைபடம் போடவில்லை. ஊர்ப் பெயர் இல்லை, தீவின் பெயர்கூட இல்லை. 'கிழக்கு இந்தோனேசியா' என்று மட்டும் எழுதியிருந்தாள். அருகிப்போகிற உயிர் இருக்கும் இடத்தை எழுதக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வரைபடத்தை எடுத்ததும் நடுவில் வெள்ளையாக ஒரு கட்டம் பல்லிளித்தது. அங்கே ஒரு புகைப்படத்தைப் போட்டாள். விடியல் வெளிச்சம், எண்ணெய் தடவினாற்போலக் கடல், சுக்கான் பிடித்திருக்கும் அண்ணனின் முதுகு, தூரத்தில் பாறை, அதற்குப் பின்னால் மலை.

அழகான படம். அதுதான் வினை.

---

பத்து மணிக்குக் கொஸ்மாஸ் வந்து சேர்ந்தான். கப்பலில் மேல்தளத்தில் படுத்துக்கொண்டே வந்தவன். துறைமுகத்தில் ஊர்க்காரன் ஒருவன் வீட்டில் தங்கியிருந்தான். அந்த ஊர்க்காரனுடைய பாத்திக் சட்டையைத்தான் இரவல் வாங்கிப் போட்டிருந்தான். அது தொப்பையில் இறுக்கி, தோளில் தொங்கியது. வாசல் காவலாளி அவனை நிறுத்திவைத்திருந்தார்.

"எங்க அண்ணன்தாங்க. படத்துல இருக்கறதே இவர்தான்," என்று செஃபா கெஞ்சி உள்ளே அழைத்து வந்தாள்.

"பாத்தியா, எவ்ளோ பெரிய ஆளுன்னு தெரியாம என்னை மழையில நிக்க வெச்சுட்டான்," என்று கொஸ்மாஸ் தலையைத் துடைத்துக்கொண்டான். போஸ்டர் முன்னால் வந்ததும் துடைத்த கை தலையிலேயே நின்றது.

"நோனா... இது நானா?" அவர்கள் பக்கம் வீட்டுப் பெண்பிள்ளையை நோனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உன் முதுகு."

"என் முதுகு இவ்ளோ பெருசா! அண்ணிகிட்டக் காட்டணும். நான் இளைச்சுப் போயிட்டேன்னு அழுதுட்டிருக்கா." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "அப்பா பாத்தா கண்டுபிடிச்சிருவாரே."

"முதுகப் பாத்தா?"

"பனியன் ஓட்டையப் பாத்து."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில், அவன் முதுகைத் தாண்டி இருவருமே பார்க்கவில்லை.

"சரி, நீ நில்லு. நான் இங்க நின்னா ஒன் மரியாதை போயிரும். கீழ டிரைவருங்க உக்காந்திருக்காங்க, அங்க இருக்கேன். மேடையில கூப்பிட்டா ஆள் அனுப்பு."

அவன் போன பிறகு செஃபா நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

இந்த மாதிரிக் கூட்டங்களில் போஸ்டர் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் தெரியுமா? சந்தையில் கடைசி வரிசையில் கீரை விற்கிற மாதிரிதான். எல்லோரும் நம்மை நோக்கித்தான் வருகிறார்கள் என்று தோன்றும். நாம் முகத்தை மலர்த்துவோம். அவர்கள் நம் அட்டையில் பெயரைப் பார்ப்பார்கள், நீலப் பட்டையைப் பார்ப்பார்கள், அப்படியே காப்பி இருக்கும் பக்கம் திரும்பிவிடுவார்கள். வராந்தாக் கண்ணாடிக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. செஃபா மனப்பாடம் செய்த முதல் வரியை மனசுக்குள் சொல்லிச் சொல்லி, அது அர்த்தமில்லாத சத்தமாகிவிட்டது.

பக்கத்துப் பலகையில் லிவாய் யாரோ ஒரு கிழவரிடம் நண்டைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த மனிதர் வந்து நின்றார்.

ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த கழுத்து, மடித்துவிட்ட சட்டைக் கை. அட்டையில் பச்சைப் பட்டை, அதாவது மாநாட்டுக்கு நன்கொடை கொடுத்த கம்பெனிக்காரர். கையில் மாநாட்டுக் கையேடு.

"நீ கெய் பக்கத்துப் பொண்ணுதானே நோனா?"

சொந்த ஊர்ப் பேச்சு! மூன்று நாளாக ஆங்கிலத்தில் நாக்கு உலர்ந்துபோனவளுக்கு அந்த ஒரு வார்த்தை பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"ஆமாங்க மாமா! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பேரைப் பாத்தா தெரியாதா? நான் படகுலயே பொறந்தவன். பெர்டி மாமான்னு கேட்டுப் பாரு, ஆம்போன்ல தெரியாதவன் கெடையாது." அவர் படத்துக்கு முன்னால் குனிந்தார். "அடடா. என்னா வெளிச்சம். யாரு எடுத்தது?"

"நான்தான்."

"கண்ணு இருக்கு ஒனக்கு."

செஃபா தான் செய்த கணக்கையும் கோடுகளையும் விளக்க ஆரம்பித்தாள். அவர் தலையை ஆட்டினார், ஆனால் கண் அங்கே போகவில்லை. கையேட்டைப் புரட்டி, பயண உதவி பெற்றவர்களின் பக்கத்தை எடுத்தார். அதில் செஃபாவின் சின்னப் படம் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் எடுத்த படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள் என்பதால், அண்ணன் எடுத்ததை அனுப்பியிருந்தாள். ஈரத் தலையோடு படகு விளிம்பில் உட்கார்ந்து சிரிக்கிற படம். அவர் அந்தப் பக்கத்தைப் போஸ்டர் படத்தின் அருகே வைத்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார்.

"இதுவும் நல்லா வந்திருக்கே. ரெண்டும் ஒரே நாள்லயா?"

"ஆமா மாமா. ஒரே எடத்துல நின்னு எடுத்தது. படகக்கூட நகத்தல. இந்தப் பக்கம் நான் அண்ணன எடுத்தேன், அந்தப் பக்கம் அண்ணன் என்னை எடுத்தாரு."

"அப்படியா," என்றார். பிறகு போனை எடுத்துப் போஸ்டரின் படத்தை மட்டும் ஒரு தரம், நெருங்கிப் போய் இன்னொரு தரம் பிடித்தார். "நல்லாப் படி நோனா. நம்ம பக்கத்துப் பொண்ணு இவ்ளோ தூரம் வர்றது பெருமையா இருக்கு."

அவர் போய்விட்டார். செஃபாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நேரத்தில் ஒரே ஒரு ஆள், அதுவும் நம்ம ஊர் ஆள். போஸ்டரின் சுருக்கத்தை நீவிவிட்டாள். நீவிய கை பாறைமேல் வந்து நின்றது.

ஊரில் கூனன் பாறை என்று சொல்லும் அது, மலையின் இடது தோளில் உட்கார்ந்தாற்போல இருந்தது. உச்சிக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. பாறையின் கூன் சரியாக அந்தப் பள்ளத்தை நிரப்பியிருந்தது.

செஃபா கையைச் சட்டென்று எடுத்தாள்.

அவள் கடலில் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று பள்ளிக்கூடம் போகும் முன்பே அறிந்தவள். கரையில் இரண்டு பொருளை ஒன்றின்மேல் ஒன்று வரும்படி பார். அது ஒரு கோடு. வேறு பக்கம் திரும்பி இன்னும் இரண்டைப் பார். அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நங்கூரம் போடு. பாறை மலைத்தோளில் ஏறுவது ஒரு கோடு.

கையேட்டைத் திறந்தாள். சிரிக்கிற அவளுடைய தலைக்குப் பின்னால் தென்னந்தோப்பு முனை. முனையின் கடைசித் தென்னைக்கு மேலே, வெள்ளையாக, ஊசி போல மாதா கோயில் கோபுரம்.

மீன் எந்த நாளில் கூடும் என்பது போஸ்டரின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. அவளுடைய கண்டுபிடிப்பே அதுதான்.

நாளை மறுநாள் அமாவாசை.

---

ஓடினாள். படிக்கட்டில் செருப்பு வழுக்கியது. முன்வாசலில், உயிர்மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் பெயர் எழுதிய காருக்குள் பெர்டி மாமா ஏறிக்கொண்டிருந்தார். போன் காதில் இருந்தது. அவளைப் பார்த்ததும், பேருந்து நிலையத்தில் சொந்தக்காரர்கள் ஆட்டுவது போல ஒரு கையை உயர்த்தி ஆட்டினார். கார் மழைக்குள் போய் மறைந்தது.

திரும்பி வந்தபோது நடுவர்கள் இரண்டு பலகை தள்ளி நின்றிருந்தார்கள். செஃபா நாற்காலிகூடப் போடவில்லை. எட்டிய மூலையைப் பிடித்து இழுத்தாள். ஊசிகள் தெறித்தன. துணி மடமடவென்று அவள்மேல் விழுந்தது.

"என்னடி பண்ற? பைத்தியமா ஒனக்கு?" லிவாய் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வந்துட்டாங்க பாரு! நடுவருங்க!"

"எடத்தைக் காட்டிட்டேன் லிவாய்."

"வரைபடமே இல்லையே."

"வரைபடம் வேணாம். எங்க பக்கத்து ஆளுக்கு இது போதும்." மூச்சு வாங்கிக்கொண்டு பாறையையும் கோபுரத்தையும் சொன்னாள். லிவாயும் தீவுக்காரிதான். இரண்டாவது வாக்கியத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"சரி, இதக் கழட்டிட்ட. கையேட்ட என்ன பண்ணுவ?" என்றாள் மெதுவாக. "எல்லார் பையிலயும் இருக்கு. மூணு வாரம் முன்னாடியே எல்லாருக்கும் மெயில்ல வேற அனுப்பிட்டாங்களே."

செஃபா துணியைப் படுக்கை விரிப்பை மடிப்பது போல நான்காக மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

ஆஸ்திரேலியப் பேராசிரியை வெற்றுப் பலகையின் முன்னால் நின்றார். ஊசி குத்திய ஓட்டைகளைப் பார்த்தார். "இங்கே இருக்க வேண்டியவர் வரவில்லையா?"

"நான்தான் அம்மா. கழட்டிட்டேன்."

"ஏன்?"

ஏன் என்று சொன்னால், சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் தெரியும். அந்தப் பத்துப் பேர் பையிலும் கையேடு இருக்கிறது. செஃபா தலை குனிந்தாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டு, லிவாயின் நண்டுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

---

கொஸ்மாஸ் சமையல்கட்டுப் பின்படியில், கூரை ஒழுக்குக்கு ஒதுங்கி உட்கார்ந்து, அம்மா கொடுத்தனுப்பிய மரவள்ளி ரொட்டியை ஓட்டுநர்களோடு பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"கூப்பிட்டுட்டாங்களா?" என்று எழுந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே வைத்தான்.

ஓரமாக அழைத்துப்போய் அவள் துணியை விரித்தாள். கையேட்டின் பக்கத்தையும் பக்கத்தில் வைத்தாள். கொஸ்மாஸின் விரல் தன் முதுகிலிருந்து கிளம்பி, பாறைக்குப் போய், மலைத்தோளில் நின்றது. அப்புறம் கோபுரம். அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"யாரு பாத்தா?"

"உயிர்மீன் கம்பெனி ஆளு. நம்ம பக்கத்துக்காரன்தான். ஒரே எடத்துல எடுத்ததான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

"ஆமான்னியா!" அவன் கத்திய கத்தலில் ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வாய வெச்சுட்டுச் சும்மா இருக்கமாட்டியா? இதுக்காடி ஒன்னைப் படிக்க வெச்சது?"

"நீயும்தானே காலையில பாத்த! கடல்லயே கெடக்கறவன், ஒனக்குத் தெரியலையா?"

"நான் என் முதுகப் பாத்தேன்!"

"நான் மட்டும் வேற எதப் பாத்தேன்?"

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். ஓட்டுநர்களில் ஒருவர் நாசூக்காக எழுந்து, மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அந்த ஆள் எங்க?" கொஸ்மாஸ் சட்டைக் கையை மடித்தான்.

"போயிட்டான். அடிச்சு என்ன ஆகப் போகுது? போன்ல போயிருக்கும் இந்நேரம்."

"கப்பல்ல ஏறினா..."

"அமாவாசை முடிஞ்சிரும்ணே."

மழைச் சத்தம். கொஸ்மாஸ் இரவல் சட்டையின் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அவர்கள் இருவருக்கும் தெரியும், செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். அவர் ஊரைக் கூட்ட வேண்டும், நாலு படகை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆனால் சொல்லத் தொடங்கினால், செஃபா அந்த இடத்துக்கு எப்படிப் போனாள் என்பதில்தான் தொடங்க வேண்டும். அடுத்து, அவளை யார் கூட்டிப்போனது என்று வரும். அதற்கு அப்பால் கொஸ்மாஸுக்குப் படகு கிடையாது, வாசல் கிடையாது. சித்தப்பாவின் பெயர் போன வழியில் அவன் பெயரும் போகும். அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

"நான் தனியாப் போனேன்னு சொல்றேன்," என்றாள் செஃபா.

"சுக்கான் புடிக்கத் தெரியுமா ஒனக்கு?" கொஸ்மாஸ் சிரிக்க முயன்றான். அது சிரிப்பாக வரவில்லை. "போடு. நான் பேசறேன்."

"கேட்டது நான்ணே. நான்தான் பேசணும்."

அவளே அப்பாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா படகுத்துறையில் இருந்தால்தான் சிக்னல் கிடைக்கும். இல்லாமல் போகட்டும் என்றும், இருக்கட்டும் என்றும் ஒரே நேரத்தில் அவள் வேண்டிக்கொண்டாள்.

"நோனா!" அப்பாவின் குரல் காற்றோடு வந்தது. "மேடை ஏறிட்டியா? அம்மா காலையிலேருந்து மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டே இருக்கா. வீட்டுல இனிமே மெழுகுவத்தி இல்ல."

"இல்லப்பா. அப்பா, ஒரு விஷயம்..."

"கொஸ்மாஸ் வந்தானா? அவன் தண்ணி பீப்பாயக் கடன் குடுத்துட்டேன்னு சொல்லு, திட்டப் போறான். இங்க மூணு நாளா ஒரு பெரிய வெள்ளைப் படகு வந்து நிக்குது. நல்ல மனுஷங்க. மீனும் வாங்கல, ஒண்ணும் கேக்கல. ஆம்போன்லேருந்து தகவல் வரணுமாம், அதுக்காகக் காத்திட்டிருக்கோம்னாங்க. குடிக்கத் தண்ணி கேட்டாங்க, பாவம்."

செஃபா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். மூன்று வாரமாகக் கையேடு அவர்களிடம் இருந்திருக்கிறது. கோபுரக் கோடு கையில் இருக்க, பாறைக் கோட்டுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

"இப்ப இருக்காங்களாப்பா?"

"இப்பவா? இரு... அட, நங்கூரம் தூக்கறாங்களே. பீப்பாயத் திருப்பித் தராமப் போறானுங்க பாரு!" அப்பா யாரையோ பார்த்து உரக்கக் கூவினார். பதில் வரவில்லை போலும்.

"எந்தப் பக்கம் திரும்பறாங்க?"

போனில் காற்று மட்டும் கேட்டது. பிறகு தூரத்தில், கனமான இயந்திரம் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பும் ஓசை.

"கூனன் பாறைப் பக்கம்," என்றார். மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேசிய குரல் இல்லை அது. "ஏன் நோனா கேக்கற?"

கொஸ்மாஸ் போனுக்காகக் கையை நீட்டினான். செஃபா கொடுக்கவில்லை. தொண்டைக்குள் எத்தனையோ தயார் செய்து வைத்திருந்தாள். வந்தது ஒன்றுதான்.

"அப்பா... அண்ணனை வீட்டைவிட்டு அனுப்பிடாதீங்க."